ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்ன சாந்தி அக்கா

காலையில் ஆபீசுக்குள் நுழைந்தபோது மேடத்தின் டேபிள் ஃபேன் ஓடவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். மழை நாளில்கூட அதைப் போடாமல் உட்கார மாட்டார்.

"ரோஸ்லின் மேடம் போயிட்டாங்கம்மா... நேத்து சாயங்காலம். நெஞ்சு வலி" என்றார் எடிட்டர் சார்.

ரோஸ்லின் மேடம் என்றால் உங்களில் பலருக்குத் தெரியாது. சாந்தி அக்கா என்றால் தெரியும். தாம்பரம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து விழும் எங்கள் இலவசப் பேப்பரில் குடும்பக் கேள்விகளுக்குப் பதில் எழுதியவர் அவர்தான்.

டெலிபோன் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, இங்கே சமையல் குறிப்பு எழுத வந்தவர். அப்போது சாந்தி அக்காவாக இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட, அந்தப் பெயரை இவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

முதலில் அரைப் பக்கம். பிறகு கால் பக்கம். கடைசியில் மனை விற்பனை விளம்பரத்துக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம்... "இன்னும் கொஞ்ச நாள்ல ஸ்டாம்பு சைஸ்ல பதில் சொல்லணும்டி" என்பார்.

நான் பத்தாவதோடு நின்றவள். வாசகர்கள் அனுப்பும் வாய்ஸ் மெசேஜைக் கேட்டு டைப் செய்வது என் வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால்தான் சேர்ந்தேன்.

கேட்டவர் யாரென்று தெரியக்கூடாது என்று மேடம் ஊரை மட்டும் மாற்றிப் போடுவார். சேலையூர் என்றால் பம்மல். பல்லாவரம் என்றால் குன்றத்தூர்.

ஒருமுறை மாமியார் சண்டை பற்றிய கேள்வி. 'பம்மல் வாசகி' என்று போட்டோம். மறுநாளே பம்மலிலிருந்து ஒரு அம்மா வந்துவிட்டார்.

"எவடீ அந்த சாந்தி? எங்க வூட்டு மேட்டர எழுதிகினு கீறா!"

"சாந்தி அக்கா இன்னிக்கி லீவும்மா. உக்காருங்க, காத்து வருதா?" என்றார் மேடம்.

அந்த அம்மா மத்தியானம் வரை மருமகளைப் பற்றிப் பேசினார். கிளம்பும்போது, "நீ நல்லாத்தான் பேசற. அவளத் தூக்கிட்டு நீயே எழுதேன்" என்றார். நான் மானிட்டருக்குப் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

வாசலில் நின்று திரும்பி, "என் மருமவளுக்கு நேத்தே குடுத்தேன் ரெண்டு அறை" என்றார்.

மேடம் அன்று சாப்பிடவில்லை. "கேட்டது சேலையூர்ப் பொண்ணு. அந்தம்மா மருமக கேக்கவே இல்லியேடி..." என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு எல்லோரும் 'ஒரு வாசகி'தான்.

அப்பா ஃபேஸ்புக்கில் இல்லை. அதனால் இதையும் எழுதுகிறேன்.

போன மாதம்தான் எனக்குப் பதினெட்டு முடிந்தது. அதற்குள் ஒரு வரன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மேடத்திடம் மட்டும் சொன்னேன். சொன்னேன் என்றால்... டைப் செய்து காட்டினேன்.

படித்துவிட்டு ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார். "பேப்பர்ல எத்தனையோ பேருக்குச் சொல்லியாச்சு. ஒருத்தர் வீட்டுக்கும் போனதில்ல. ஞாயித்துக்கெழம மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்றதுக்கு முன்னாடி நான் வந்து உங்கப்பாகிட்ட பேசறேன். நீ வாயே தொறக்க வேணாம்."

நாளைதான் அந்த ஞாயிறு.

"பழைய பதில் ஒண்ண எடுத்துப் போடும்மா. யாருக்குத் தெரியப்போவுது" என்றார் எடிட்டர் சார். போட்டேன். சாந்தி அக்கா நாளைக்கும் உங்கள் வாசலில் வந்து விழுவார்.

மேடம், நீங்க நல்லாத் தூங்குங்க. அங்கே யாரும் வாய்ஸ் மெசேஜ் அனுப்ப மாட்டாங்க.

இதுவரை டைப் செய்திருந்தபோது அப்பா வந்து நின்றார். "பேப்பர் ஆபீஸ் அம்மா யாரோ நாளிக்கி வருதுன்னியே... எத்தினி மணிக்கு?"

"வரலப்பா."

"அப்போ நாலு சேர் போதும். நம்மகிட்ட ரெண்டு கீது."

போனை வைத்துவிட்டு எதிர் வீட்டுக்குப் போய் இரண்டு சேர் கேட்டு வாங்கி வந்தேன்.