எதிர் வீட்டில் டூலெட் போர்டு

இங்கே காலையில் பால் பாக்கெட் வருவதற்கு முன்னால் யாரோ ஒருவருடைய படம் வந்துவிடுகிறது. எங்கள் காலனி வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒன்று. வாசல் கேமரா உயரத்தில் இருப்பதால் உச்சந்தலையும் மூக்கும்தான் தெரியும். கீழே, இவர் யார், யாருக்காவது தெரியுமா என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பெரும்பாலும் கூரியர்க்காரராக இருப்பார், இல்லாவிட்டால் யார் வீட்டு மைத்துனராகவாவது இருப்பார். "எங்கள் வீட்டுக்கு வந்தவர்" என்று யாராவது போட்டதும் எல்லோரும் ஆளுக்கொரு கும்பிடு அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போவோம். ஹைதராபாத்தில் சனத்நகர் பக்கம் குடிவந்து பதினோரு வருஷமாகிறது. இந்தக் குழுவில் சேர்ந்த பிறகுதான் எனக்கு நிம்மதி போனது. அதற்கு முன்னால் திருடனைப் பற்றி நினைக்க எனக்கு நேரமே இருந்ததில்லை.

சாத்தூரில் எங்கள் தெருவுக்குள் புது ஆள் நுழைந்தால் மூன்றாவது வீட்டைத் தாண்டமாட்டான். அதற்குள் "யாருப்பா, யாரைப் பாக்கணும்?" என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள். ஊர்ப் பெருமை பேசப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கேள்வி எந்த ஊர், யார் மகன் என்று சுற்றி, நீங்க என்ன ஆளுக என்பதில் போய்த்தான் நிற்கும். பதில் பிடிக்காவிட்டால் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காது. அதிலிருந்தெல்லாம் தப்பித்தால் போதும் என்றுதான் கல்யாணமான கையோடு சந்தோஷமாக ரயில் ஏறினேன். ஹைதராபாத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கேட்காதவர்கள் படம் எடுப்பார்கள் என்று அப்போது தெரியாது.

போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாவின் கழுத்துச் சங்கிலியை பைக்கில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து தாலிச்சங்கிலி வெளியே தெரியாமல் புடவையைக் கழுத்துவரை இழுத்துப் பின் குத்திக்கொள்கிறேன். மகள் திவ்யா டியூஷன் முடிந்து ஆறு மணி வாக்கில் வருவாள். வாசலில் போய் நிற்பேன். அவளுக்கு அது மானப் பிரச்சினை. "அம்மா, நக்கோ. எல்லாரும் பாக்குறாங்க, இட்ஸ் எம்பாரஸிங்" என்பாள். நக்கோ என்றால் இந்த ஊர் இந்தியில் வேண்டாம். "பாத்தா பாக்கட்டும். அஞ்சே முக்காலுக்கு விட்டா ஆறேகாலுக்கு வர்றே, எந்தக் கோட்டையைச் சுத்திட்டு வர்றே?" என்று நானும் தெரு கேட்கத் திட்டுவேன். தமிழில் திட்டினால் இங்கே ஒருத்தருக்கும் புரியாது என்கிற தைரியம்.

அந்த வாரம்தான் எதிர்ப்பக்கம் டிரான்ஸ்பார்மர் அருகே ஒருவன் நிற்க ஆரம்பித்தான். முப்பது வயது இருக்கும். சட்டையில் கிரீஸ் கறை. எங்கள் வாசலைப் பார்ப்பான், எதிர் வீட்டு மாடியைப் பார்ப்பான், போகிற வருகிற பெண்களைப் பார்ப்பான். அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவான். மூன்றாம் நாளும் வந்தான். தெருவைத் தாண்டிப் போய் என்ன வேணும் என்று கேட்டிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. நான் திரைச்சீலையை விலக்கி ஜன்னல் வழியாகப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். "மூன்று நாளாக நிற்கிறான். என் மகள் வருகிற நேரம்" என்று எழுதினேன். இரண்டும் உண்மைதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது நான்.

கால் மணி நேரத்தில் ஐந்தாறு பேர் அவனைச் சூழ்ந்துவிட்டார்கள். ஒருவர் சட்டைக் காலரைப் பிடித்தார், இன்னொருவர் கன்னத்தில் அறைந்தார். "அய்யா, அடிக்காதீங்க, நான் வேலை செய்யற ஆளுங்க" என்று அவன் கத்தினான். தமிழ். அந்தத் தெருவில் அது புரிகிற வீடு எங்களுடையது ஒன்றுதான்.  செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவதற்குள் போலீஸ் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

"படம் போட்டதோட நம்ம வேலை முடிஞ்சுது. அவன் யாரோ" என்றார் என் வீட்டுக்காரர்.

"யாரோதான். புடிச்சுக் குடுத்தது நான்தானே. வண்டிய எடுங்க" என்றேன்.

ஸ்டேஷனில் உதடு வீங்கி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பெயர் ஏழுமலை. "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டேன். எந்தக் கேள்விக்குப் பயந்து ஊரைவிட்டு வந்தேனோ அதே கேள்விதான் முதலில் வாயில் வந்தது.

"செஞ்சி பக்கம்க்கா. பாலாநகர்ல லேத்துல இருக்கேன்."

"மூணு நாளா எங்க வீட்டையே ஏன் பாத்துக்கிட்டு நின்னே?"

"எதிர் வூட்ல டூலெட் போர்டு மாட்டியிருக்குதுக்கா. எங்க வூட்டுக்காரி கைக்கொழந்தையோட ஊர்ல இருக்கறா. கூட்டினு வரலாம்னா, பாஷை தெரியாத ஊரு, பயமா இருக்குதுன்றா. நீங்க பாப்பாவ தமிழ்ல திட்டறது காதுல வுழுந்துச்சு. சரி, பக்கத்துல ஒரு அக்கா இருக்கறாங்க, பொழுது சாயற நேரத்துல பொம்பளைங்க பயமில்லாம நடக்கற தெருவான்னு மட்டும் பாத்துட்டு அப்பறம் கேக்கலாம்னு நின்னேன்."

 வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

எஸ்.ஐ. என்னைப் பார்த்து, "மீ மனிஷேனா?" என்றார். உங்கள் ஆள்தானா என்று கேட்கிறார். காலனி செக்ரெட்டரி ராவ் காரு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அவுனு சார், மாவாடே" என்றேன். ஆமாம், எங்கள் ஆள்தான். செஞ்சி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

"மரி முந்தே செப்பாலி கதம்மா" என்றார் ராவ் காரு. முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டது நியாயம்தான். அடித்தவர்களில் அவரும் ஒருவர் என்பதால் குரல் தணிந்திருந்தது. ஏட்டு ஒரு தாளில் தெலுங்கில் மளமளவென்று எழுதினார். தெலுங்கு பேசுவேனே தவிர எனக்கு எழுத்து தெரியாது. "ஃபார்மாலிட்டி மேடம்" என்றார். தாளை ஏழுமலை இருந்த பெஞ்சுக்கு எடுத்துப்போய், குனிந்து ஏதோ சொல்லிக் கையெழுத்து வாங்கிவந்தார். அவனை விடச் சொல்லும் காகிதம் என்று நினைத்து நானும் போட்டேன்.

வெளியே வந்ததும் மூச்சு விடாமல் பேசினேன். "நாளைக்கே வா தம்பி. எதிர் வீட்டம்மாகிட்ட நானே பேசுறேன். உன் வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வா, நான் பாத்துக்கிறேன்."

உதடு வலிக்காமல் மெல்லச் சிரித்தான். "வேணாம்க்கா. இனிமே அந்தத் தெருப் பக்கம் வரமாட்டேன்னுதான எழுதிக் குடுத்திருக்கறேன். ஏட்டு இந்தில சொல்லிட்டுத்தான் கையெழுத்து வாங்கனாரு. நீங்ககூட சாட்சி போட்டீங்களே." குற்றம் சொல்லும் குரலே இல்லை. "இருட்டறதுக்குள்ள வூட்டுக்குப் போங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பாலாநகர் ஷேர் ஆட்டோவில் ஏறினான்.

ஸ்கூட்டரில் போகும்போது போன் விடாமல் அதிர்ந்தது. குழுவில் எனக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மேடம் விழிப்போடு இருந்ததால் நம் காலனி பத்திரமாக இருக்கிறது என்று யாரோ எழுதியிருந்தார்கள்.  எனக்கு அந்தத் தாள்தான் கண்ணுக்குள் நின்றது. மேலிருந்து கீழ்வரை தெலுங்கு. கடைசியில் இரண்டே இரண்டு பெயர்கள் தமிழில். ஒன்று, தெருவுக்குள் வரக் கூடாதவன் பெயர். இன்னொன்று, அதற்குச் சாட்சி சொல்கிறவள் பெயர்.