கையில் மெத்தென்றிருந்த டியூப்

எங்கள் வீட்டில் மீன்தொட்டி இருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே திருத்துவேன். அது செடித்தொட்டி. தண்ணீருக்கடியில் ஒரு தோட்டம். மீன்கள் கூட இருக்கின்றன, அவ்வளவுதான். இதைக் கேட்டதும், வந்தவர்கள் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. மனைவி மட்டும் உள்ளேயிருந்து, "ஆமா, வரவா எல்லாரும் புல்லைப் பார்க்கத்தான் வரா" என்பாள்.

செடிகள் என் இலாகா. மீன்கள், அதாவது ஒரு ஜோடி ஏஞ்சல், அவளுடையவை. தொட்டியே வேண்டாம் என்று முதலில் தடுத்தவள்தான். இப்போது தான் காபி குடிக்கும் முன் அவற்றுக்குத் தீனி போடுகிறாள். அவள் புடவைத் தலைப்பு தெரிந்தால் போதும், இரண்டும் கண்ணாடியில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும். நான் போனால் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். காசு கொடுத்து வாங்கியவன் நான் என்பதை அவற்றுக்கு யார் எடுத்துச் சொல்வது?

செடி செழிக்கக் கரியமிலவாயு வேண்டும். ஒரு சின்ன சிலிண்டர், அதன் தலையில் ரெகுலேட்டர், அதிலிருந்து ஒரு மெல்லிய டியூப், டியூபின் முனையில் வாயுவைப் பொடிக் குமிழிகளாக்கித் தண்ணீரில் விடும் ஒரு வில்லை. வலியசாலையில் எங்கள் வீடு ரயில்பெட்டி போல நீளம். கூடத்தில் சிலிண்டர் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டதால், அது சமையலறை வாசலோரம் நின்றது. டியூப் சுவரை ஒட்டி, சுவாமி அலமாரியைச் சுற்றிக்கொண்டு கூடம் வரைக்கும் வந்தது.

அந்த டியூபை நான் தேர்ந்தெடுத்த அழகைச் சொல்லியாக வேண்டும். கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று விறைப்பு; வளைத்தால் முறைத்தது. மற்றது சிலிகான், மெத்தென்று, சொன்ன இடத்தில் வளைந்தது. வேட்டி வாங்குகிறவன் மாதிரி இரண்டையும் விரலால் தடவிப் பார்த்து, எது வழவழப்போ அதை எடுத்துக்கொண்டேன். கடைக்காரரிடம் "தரம் தெரியுது" என்று வேறு சொன்னேன்.

சிலிண்டர் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தது. செடிகளோ சோனியாகவே நின்றன. வாயு போதவில்லை என்று ரெகுலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே போனேன். அப்புறம், எங்கோ ஒழுகுகிறது என்று முடிவு செய்து, இணைப்புகளில் எல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு கொப்புளம்கூட வரவில்லை. எனக்குக் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதியதில் தவறு கண்டுபிடிப்பதற்குத்தான் மாதாமாதம் சம்பளம். அதனால் கருவியில் தவறில்லை என்றதும் ஆளைத் தேடினேன். ஆள் பக்கத்திலேயே இருந்தாள்.

படுக்கப் போகும் முன் என் மனைவி வீட்டில் ஒரு சுற்று வருவாள். கொல்லைக் கதவு, சமையல் கேஸ், பிறகு போகிற போக்கில் என் சிலிண்டர். "இது எரியற கேஸ் இல்லை, தீயை அணைக்கிற கேஸ்" என்று விளக்கியிருக்கிறேன். "எரியாட்டா என்ன? கேஸ்னா ராத்திரி மூடணும்" என்பாள். காலையில் நான் திறந்துவிடுவேன்.

"நீ சரியா மூடறதில்லை. ராத்திரி பூரா ஒழுகறது" என்றேன்.

"ஏன்னா, நேக்குத் திருகத் தெரியாதுங்கறேளா?"

"திசை மாத்தித் திருகறியோ என்னமோ."

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எந்தப் பக்கம் திருகவேண்டும் என்று கையால் காற்றில் திருகிக் காட்டினேன். அவள் என் கையையே பார்த்தாள்.

"மதி, போதும். இனிமே உங்க கேஸை நான் தொடமாட்டேன்."

அன்றைக்கே வீடியோக்களில் மூழ்கியபோதுதான் விஷயம் பிடிபட்டது. சிலிகான் டியூபில் கசிவதற்கு ஓட்டை எதுவும் வேண்டாம். கரியமிலவாயு அதன் சுவர் வழியாகவே மெல்லக் கசிந்து போய்விடும். நுரையில் கொப்புளம் வராது. டியூப் நீளம் ஆக ஆக இழப்பும் கூடும். என் டியூபோ பாதி வீட்டைச் சுற்றி வந்தது. தொட்டிக்குப் போகவேண்டியதில் ஒரு பங்கை வழிநெடுகச் சுவாமிக்கு நைவேத்தியம் செய்துகொண்டிருந்தேன்.

உடனே போய் அவளிடம், "தப்பு உன்மேல் இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகச் சாலைக் கடைத்தெருவுக்கு டியூப் வாங்கப் போனேன். கம்ப்ரசருக்குப் போடும் பாலியூரித்தேன் டியூப் அங்கே மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதில் கசிவு மிகக் குறைவு.

"ஸ்ப்ரே பெயிண்டுக்கா சாரே?" என்று கேட்டார் கடைக்காரர்.

"மீன்தொட்டிக்கு" என்றேன். திருத்திக்கொள்ளும் மனநிலை இல்லை.

"நீலம் இருக்கு, கருப்பு இருக்கு, கண்ணாடி மாதிரி ஒண்ணு இருக்கு. எல்லாம் ஒரே சாதனம்தான், கேட்டியளா?"

ஒரே பொருள்தான் என்று தெரிந்தும் மூன்றையும் வளைத்துப் பார்த்தேன், முகர்ந்தும் பார்த்தேன். மனைவிக்குக் கண்ணில் உறுத்தாதது எது என்று யோசித்துக் கண்ணாடி நிறத்தை எடுத்தேன். சமாதானப் பேச்சுவார்த்தை அந்த மட்டில் முடிந்ததாக எனக்கு நினைப்பு.

வீட்டுக்கு வந்து முனைகளை வெந்நீரில் முக்கி இளக்கி மாட்டினேன். மனைவி காய் நறுக்கிக்கொண்டே பார்த்தாள். பழைய டியூபுக்காகத் திறந்து வைத்த ரெகுலேட்டரைக் குறைக்கவேண்டும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. இருட்டில் செடிகள் வாயுவை எடுத்துக்கொள்ளாது, ராத்திரி சிலிண்டரை மூடுவதுதான் சரி என்பது புத்தகத்தில் படித்ததுதான். தினமும் அவள் மூடியதால் அதை நினைத்துப் பார்க்கும் அவசியம் எனக்கு வந்ததில்லை. அன்று அவள் மூடவில்லை. நானும் மூடவில்லை.

விடிந்ததும் அவள் போட்ட சத்தத்தில் எழுந்து ஓடினேன். இரண்டு ஏஞ்சலும் தண்ணீர் மட்டத்தில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தலைப்பு தெரிந்தும் திரும்பவில்லை. சிலிண்டரை மூடிவிட்டு வந்து, வாயு அதிகமாகிவிட்டது, அது தண்ணீரிலிருந்து வெளியேற வேண்டும், அதற்கு ஒரு ஏர் பம்பு, கடை எத்தனை மணிக்குத் திறக்குமோ என்று உளறினேன்.

அவள் சமையலறைக்குப் போனாள். பெரிய டபராவோடு வந்து, தொட்டித் தண்ணீரை மொண்டு, கையை உயரத் தூக்கி, காபி ஆற்றுகிற மாதிரி நீளமாக அதிலேயே ஊற்றினாள். மறுபடி மொண்டாள், மறுபடி ஊற்றினாள். தரையெல்லாம் தெறித்தது. நானும் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு மறுபக்கம் நின்று ஆற்றினேன்.

வெகுநேரம் கழித்துப் பெரியது துடுப்பை விரித்து நிமிர்ந்தது. சின்னது இன்னும் சாய்ந்தே கிடந்தது. அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"கேஸ் ஒழுகினது உன்னால இல்லை. நான் வாங்கின டியூபாலதான்" என்றேன்.

"புது டியூபை வாங்கிண்டு வந்தேளே, அப்பவே நேக்குத் தெரியும்" என்றாள். கண் சின்ன மீனை விட்டு அகலவில்லை. "அதை வாயால சொல்றதுக்கு இதுகள் சாகக் கிடக்கணுமா?"

சொம்பில் மொண்டு, முடிந்தவரை உயரத் தூக்கி ஊற்றினேன்.