எண்பது நாள் தீட்டு

சென்னம்மாளின் வாய்க்குப் பயப்படாதவர் ஊரில் கிடையாது. ஆத்தூர்ப் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் இருபது வருடம் மரவள்ளிக் கிழங்கு உரித்தவள்.

மருமகள் சாலம்மாளுக்கோ அவளைக் கண்டாலே குலை நடுங்கும். முதல் இரண்டு பிரசவத்திலும் பதினாறாம் நாள் தலைக்கு ஊற்றி, தீட்டுக் கழித்து, மறுநாளே ஆலைக்கு அனுப்பியவள் மாமியார்தான். இரண்டாம் முறை உதிரம் நிற்காமல் கிழங்குக் குவியலின் மேலேயே சாய்ந்துவிட்டாள் சாலம்மாள். இன்னொரு தரம் இப்படி ஆனால் பிழைக்கமாட்டாள் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள்.

எழுபத்தாறாம் வருடம் மூன்றாவதாகப் பெண் பிறந்தது. குடும்பம் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் உபதேசியார் பைபிளில் லேவியராகமம் வாசித்தார். பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு. ஆண் என்றால் நாற்பது நாள், பெண் என்றால் எண்பது. அதுவரை பரிசுத்தமானது எதையும் தொடக்கூடாது. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். சென்னம்மாள் தூங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "எம்பது நாளு நீ ஒண்ணையும் தொடக்கூடாது. கத்தியும் கூடாது, அம்மியும் கூடாது" என்றாள்.

விஷயம் கேள்விப்பட்டு உபதேசியார் பதறி ஓடி வந்தார். "அது பழைய சட்டம்மா, நமக்கு இல்லை."

"வேதத்துல இருக்குதா, இல்லியா?"

"இருக்கு..."

"அப்பறம் என்ன? போய் வேலையப் பாருங்க."

பதினேழாம் நாள் மேஸ்திரி ஆள் கூப்பிட வந்தபோது, கத்தியை எடுத்துக்கொண்டு கிழவியே கிளம்பினாள். மடங்காத முழங்காலை நீட்டிப் போட்டுக்கொண்டு உரித்தாளாம். பாயில் கிடந்த சாலம்மாளுக்கு மெய் சிலிர்த்தது. எங்கேயோ கடல் தாண்டி, எந்தக் காலத்திலோ, பிள்ளை பெற்றவளுக்கென்று கடவுளே உட்கார்ந்து நாள் எண்ணியிருக்கிறாரே! ஒதுக்கிவைக்கப் போட்ட சட்டமோ என்னவோ, அவள் உடம்பில் ரத்தம் ஊறியது.

எண்பதாம் நாள் சென்னம்மாள் மருமகளோடும் இரண்டு புறாக்களோடும் வேதக்கோயிலுக்கு வந்தாள். ஆட்டுக்குட்டிக்கு வழியில்லாதவர்கள் புறா கொடுக்கலாம் என்பதையும் கேட்டு வைத்திருந்தாள். உபதேசியார் சிரிக்கவில்லை. "இயேசுவைப் பெத்த மரியாளும் இதைத்தாம்மா கொண்டுபோனாங்க. அவங்களுக்கும் ஆட்டுக்கு வழியில்லை" என்றார். சாலம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. புறாக்களை வாசலிலேயே பறக்கவிட்டார்கள்.

திரும்பும் வழியில் எப்படியோ தைரியம் வந்து கேட்டுவிட்டாள். "அத்தை, பையனா பொறந்திருந்தா நாப்பதுலயே என்னை அனுப்பியிருப்பீங்களா?"

சென்னம்மாள் நின்றாள்.

"நான் எட்டுப் பெத்தவடி. எனக்கு ஒருத்தரும் ஒரு நாளும் குடுக்கல. அந்தப் பாக்கி நாளுல இருந்து எடுத்து உனக்குப் போட்டிருப்பேன், நட."