ஆறோடு நின்ற வரி

சிறுநீரகம் கெட்டுப்போன அண்ணனுக்கு ரத்தம் கழுவும் நாட்களில்தான் அந்தப் பிரெஞ்சுக் கவிதையை ஆராய்ந்து எழுதினேன். திங்கள், புதன், வெள்ளி காலைகளில் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு இறங்குவோம். தாதி அவர் இடது கையில் இரண்டு ஊசிகளைக் குத்தி இயந்திரத்தோடு இணைத்துவிட்டுப் போவாள். அப்புறம் நான்கு மணி நேரம் அவர் படுக்கையில், நான் பக்கத்து நாற்காலியில். அப்பா அம்மா போனபிறகு வீட்டிலும் நாங்கள் இருவர்தான்.

தோட்டத்துத் தேநீர்க் கடையில் எனக்கு வேலை. வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வரும் இடம். பிரெஞ்சு தெரிந்தால் சூப்பர்வைசர் ஆகலாம் என்று மேனேஜர் சொன்னதை நம்பி, பகுதிநேரப் படிப்பில் சேர்ந்திருந்தேன். கடைசிப் பாடத்துக்கு ஒரு கவிதை கொடுத்தார்கள். அதன் ஓசைக்கணக்கையும் எதுகையையும் திரும்ப வரும் வரிகளையும் ஆராய வேண்டும்.

அண்ணன் லெம்பா பெர்த்தாமிலிருந்து காய்கறி லோரி ஓட்டியவர். பிரெஞ்சில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் உடம்பு கெடும்வரை எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்குத் தாளம் பிடித்தவர் அவர்தான். யாராவது அரைத் தாளம் பிந்தினாலும் திரும்பிப் பார்த்துவிடுவார்.

"என்னா முணுமுணுக்கிற? சத்தமா படி," என்றார்.

படித்தேன். ஊசி இல்லாத கையால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"வரிக்குப் பன்னண்டு தட்டுலா. ஆறுல ஒரு மூச்சு வாங்குது. ரெண்டாவது வரி மட்டும் பதினொண்ணு."

அவர் சொன்னது சரி. அந்த வரியின் நடுவில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தேன். சொல்லின் கடைசியில் வரும் அந்த எழுத்து பேச்சில் கேட்காது. கவிதையில், அடுத்து மெய்யெழுத்து வந்தால் அதையும் எண்ணவேண்டும். உயிரெழுத்து வந்தால் கரைந்துபோகும். வரியின் கடைசியில் கணக்கிலேயே இல்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த குற்றியலுகரத்தை நினைத்துப் புரிந்துகொண்டேன். அண்ணனிடமும் அப்படியே சொன்னேன்.

"காது, இல்லை, காதில்லை. அது மாதிரியா?" என்று சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

அடுத்த வாரம் எதுகைக்கு வந்தோம். நமக்கு எதுகை வரியின் தொடக்கத்தில், அவர்களுக்கு முடிவில். ஒன்று விட்டு ஒன்று ஜோடி சேரும். அண்ணன் ஜோடிகளைக் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

கடலுக்குப் போனவனுக்காக ஒருத்தி காத்திருப்பதுதான் கவிதை. நான்கு பத்தி. ஒவ்வொன்றும் ஒரே வரியில் முடிகிறது: சன்னலில் விளக்கை ஏற்றிவைக்கிறேன், நீ வழி தவறாமல் வா. நான்காம் பத்தியில் மட்டும் அந்த வரி ஆறோடு, விளக்கை ஏற்றியதோடு நின்றுவிடுகிறது. அண்ணனின் கை ஏழாவது தட்டுக்கு உயர்ந்து அப்படியே நின்றது.

"மிச்சம் எங்க?"

"இல்லண்ணே. புத்தகத்துலயே அவ்ளோதான்."

இயந்திரத்தைப் பார்த்தார். "அவளுக்குப் போதும்னு ஆயிருச்சு. வேற ஒண்ணுமில்ல."

அதை நான் எழுதவில்லை. எழுதினால் அவர் எதைச் சொன்னார் என்று யோசிக்க வேண்டியிருக்கும். 'வாசகருக்கு வியப்பை ஊட்டுவதற்காக வரி குறைக்கப்பட்டுள்ளது' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, நான் கிளம்பி நின்றபோது அண்ணன் கைலியோடு உட்கார்ந்திருந்தார்.

"நான் வரல தங்கச்சி."

"காய்ச்சலா?"

"இல்ல. இனிமே வரல."

கத்தினேன். காலைப் பிடித்தேன். போதகர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். டாக்டர் தொலைபேசியில் என்ன ஆகும் என்பதை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். அண்ணன் அவருக்கு மரியாதையாக நன்றி சொல்லிப் போனை என்னிடம் கொடுத்தார். "நாலு வருசம் போயிட்டு வந்தாச்சு. கோவப்படாத," என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்றாம் நாள் கால் வீங்கி, அவரைத் தூக்கி உட்காரவைக்கும்போதும் கோபமாகத்தான் இருந்தேன். ஒன்பதாம் நாள் மத்தியானம் மூச்சு நின்றது. அதற்குள் ஒரு நல்ல வார்த்தை நான் சொல்லியிருக்கலாம்.

அடக்கம் முடிந்த வாரத்தில் கட்டுரை திரும்பி வந்தது. தேறவில்லை. ஓசைக்கணக்கு முழுவதும் சரி என்று ஆசிரியை எழுதியிருந்தார். கடைசி வரி ஏன் அறுபடுகிறது என்பதற்கு நான் சொன்னது விடையே அல்ல, மாதக் கடைசிக்குள் மறுபடி எழுதித் தரலாம் என்றும் இருந்தது.

கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். விடை எனக்குத் தெரியும். அண்ணன் சொன்ன ஒரு வாக்கியத்தை எழுதினால் போதும். மூன்று நாள் உட்கார்ந்தும் விரல் வரவில்லை. தவணை கடந்தது. படிப்பிலிருந்து பெயரை நீக்கிவிட்டதாகக் கடிதம் வந்தது.

சூப்பர்வைசர் வேலைக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். நான் அதே கவுண்டரில்தான் நிற்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் ஆங்கிலத்திலேயே பேசி அனுப்பிவிடுகிறேன்.