அக்காவுக்கு வெயில் ஆகாது

இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி நீயே எழுது என்று அத்தான் சொன்னதும், என் பழைய நாட்குறிப்புகளை எடுத்து ஒரு வாரம் படித்தேன். அக்காவின் நற்குணங்களை இதைக் கையில் வாங்கும் எல்லோரும் அறிவீர்கள். நான் செய்த ஒரு தவறு உங்களில் சிலருக்கே தெரியும். அதையும் எழுதினால்தான் இந்தக் கட்டுரை முழுமையாகும்.

அக்கா பனவடலிசத்திரத்தில் பிறந்தவர். எனக்கு ஏழு வயது மூத்தவர். அப்பா காலமானபோது ஆசிரியப் பயிற்சி முடித்து அக்காவுக்கு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சங்கரன்கோவிலில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்ததும் அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு இங்கே குடிவந்தார். நான் படித்து முடித்து எழுத்தராக வேலையில் சேர்ந்த பிறகே தம் திருமணத்துக்குச் சம்மதித்தார். அத்தான் பேருந்து நடத்துநர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரையும் வருகைப் பதிவேட்டைத் திறக்காமலே வரிசையாகச் சொல்வார் அக்கா.

நாட்டில் அவசரநிலை அறிவித்த ஆண்டில்தான் நோய் தொடங்கியது. காலையில் விரல் மூட்டுகள் வீங்கிச் சுண்ணக்கட்டியைப் பிடிக்க முடியாது. விட்டுவிட்டுக் காய்ச்சல். இரு கன்னங்களிலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல் ஒரு செம்மை. ஒருவர் பித்தம் என்றார், ஒருவர் நாகதோஷம் என்றார். கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினோம். அடுத்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால், அக்கா நூற்றொரு முறை கோவிலைச் சுற்றுவார் என்று வேண்டிக்கொண்டேன். ஆடிச்சுற்று நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். அதில் குறை இல்லை. அதற்கு நேரம் குறித்தவன் நான்.

"ஏலே, சாயங்காலம் சுத்துதேனே. வெயில் மூஞ்சில பட்டாலே எரியுது" என்றார் அக்கா.

"சாயங்காலம் கூட்டம் நெரியும்க்கா. எண்ணிக்கை தப்பிரும். பத்து மணிக்கு ஆரம்பிச்சா எண்ணுதது எனக்குச் சுளுவு."

"சாமி எண்ணாதாலே? நீதான் எண்ணணுமாக்கும்" என்று சிரித்தவர், என் சொல்லைத் தட்டாமல் வந்தார். சுற்றுக்கு ஒரு புளியமுத்தாகப் பைக்குள் போட்டுக்கொண்டு நான் நிழலில் நின்றேன். நாற்பத்து மூன்றாவது சுற்றில் அக்கா கீழே உட்கார்ந்துவிட்டார். அதன்பின் பதினொரு நாள் எழுந்திருக்கவில்லை.

திருநெல்வேலியில் ஒரு பெண் மருத்துவரிடம் கொண்டுபோனோம். காய்ச்சல் வந்த நாட்களைக் கேட்டார். நாட்குறிப்பைப் பார்த்துப் படித்தேன். பள்ளி விளையாட்டு விழாவுக்கு மறுநாள், புளியங்குடிக் கல்யாணத்துக்கு மறுநாள், ஆடிச்சுற்றுக்கு மறுநாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஒவ்வொரு தடவையும் வெயில்ல நின்னுருக்காங்க, இல்லையா?" என்று கேட்டார். மதுரையில் ரத்தப் பரிசோதனை செய்த பிறகு நோயின் பெயரைச் சொன்னார். லூபஸ். ஒட்டாத நோய். முற்றிலும் தீராது, ஆனால் மாத்திரையாலும் கவனத்தாலும் அடக்கி வைக்கலாம். வெயில் மட்டும் ஆகவே ஆகாது. திரும்பும் வழியில் அக்காவை நிழல் பக்கம் உட்கார வைத்துவிட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா, "தெரிஞ்சா செஞ்ச? போதும், மூஞ்சியத் தூக்கி வைக்காத" என்றார்.

அன்று முதல் அத்தான் குடையும் கையுமாக நடந்தார். "என்னவே கண்டக்டரே, சித்திரையில எங்கவே மழை பெய்யுது?" என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள். "எம் பொண்டாட்டி தலையில வெயில் பெய்யுதுவே" என்பார்.

பள்ளியில் சோதனை வேறு விதமாக வந்தது. மாத்திரையால் அக்காவின் முகம் ஊதியிருந்தது, செம்மையும் மறையவில்லை. அது பெரியவியாதி, அதாவது தொழுநோய், என்று சிலர் நினைத்து, பிள்ளைகளை வேறு வகுப்புக்கு மாற்றக் கேட்டார்கள். நீண்ட விடுப்பில் போய்விடலாமே என்றார் தலைமை ஆசிரியை. வகுப்பை விட்டால் அக்காவுக்கு வேறு என்ன இருக்கிறது? பெற்றோர்களை ஒரு சனிக்கிழமை கூட்டித் தருமாறு மட்டும் அக்கா வேண்டினார். நானும் போயிருந்தேன்.

"இது ஒட்டாதும்மா. ஒட்டும்னா முதல்ல எங்க வீட்டுக்காரருக்குல்லா ஒட்டியிருக்கணும்? அவரு காளை மாடு மாதிரி நல்லாத்தான் இருக்காரு" என்று தொடங்கினார் அக்கா. சிரிப்பு எழுந்தது.

ஒரு தாய் எழுந்து, "அப்போ எதுக்கு டீச்சர் மூஞ்சி இப்படிச் செவந்து கெடக்கு?" என்று கேட்டார்.

"நோயை எதிர்க்க உடம்புக்குள்ள ஒரு காவல் இருக்குல்லா, அது ஆள் தெரியாம வீட்டுக்காரனையே அடிக்கு. அவ்வளவுதான். பெரியவியாதியாவே இருந்தாலும் அதுக்கும் மருந்து இருக்கு. யாரையும் ஒதுக்கி வைக்கக் கூடாது."

கேள்வி கேட்ட தாய், "எம் மவன் உங்ககிட்டயே படிக்கட்டும்" என்று சொல்லி உட்கார்ந்தார். வெயில் விழாத வடக்கு அறையைத் தலைமை ஆசிரியை அக்காவின் வகுப்புக்கு ஒதுக்கினார்.

அதே தாய் மறுவாரம் வீட்டுக்கு வந்தார். புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் அவர் நாத்தனாருக்கும் முகத்தில் அதே செம்மை, அதே மூட்டுவலி. அக்கா முதல் பேருந்தில் போய் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "இது அதுதான்னு நான் சொல்ல மாட்டேன். டாக்டருதான் சொல்லணும். ஆனா இன்னைக்கே கிளம்பு" என்று சொல்லித் திருநெல்வேலிக்கு உடன் போனார். பிறகு கடையநல்லூரிலிருந்து ஒருவர், பனவடலிசத்திரத்திலிருந்து இருவர், இன்னும் பலர். சிலருக்கு வேறு நோயாக இருந்தது. லூபஸ் இல்லையே என்று அதற்கும் அக்கா மகிழ்ந்தார். பள்ளி வாசலிலும் ரேஷன் கடையிலும் நோயின் அடையாளங்களைத் தம் கையாலேயே எழுதி ஒட்டினார். கிழித்துப் போட்டால் மறுபடி எழுதினார்.

கடைசியில் நோய் சிறுநீரகத்தைத் தொட்டது. சென்ற சித்திரையில், ஒரு விடியற்காலையில், அத்தானின் கையைப் பிடித்தபடி அக்கா அடங்கினார்.

இனி நன்றி. நோய்க்குப் பெயர் கண்டுபிடித்த மருத்துவருக்கும், வடக்கு அறை தந்த தலைமை ஆசிரியைக்கும், பத்தியச் சமையலில் ஒருநாளும் உப்பைக் கூட்டிவிடாத என் மனைவிக்கும் நன்றி.

இன்னும் ஒரு நன்றி பாக்கி. அக்கா அடங்கிய அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் உடலை எடுத்துவிட வேண்டும் என்று பெரியப்பா நேரம் குறித்திருந்தார். பதினொரு மணிக்கு நான்கு பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தார்கள். அக்கா மருத்துவரிடம் அழைத்துப் போய், அதே நோய் என்று தெரிந்தவர்கள். டீச்சருடன் தெருமுனை வரை நடக்க வேண்டும் என்றார்கள். வெயில் தாழ்ந்த பிறகு எடுப்போம் என்று நான் பெரியப்பாவிடம் கேட்டேன்.

"சொந்தபந்தம் எல்லாம் வந்தாச்சேலே. இன்னும் யாருக்குக் காத்திருக்கணும்?"

நால்வரையும் காட்டினேன். அவர்கள் முந்தானையை விலக்கினார்கள். பெரியப்பா அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து உதறி விரித்து அதில் உட்கார்ந்தார். "எல்லாரும் உக்காருங்கவே" என்றார்.

பேருந்தைத் தவறவிட்டவர்கள் உண்டு, பட்டினியாக இருந்தவர்கள் உண்டு. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. ஐந்தரை மணிக்கு அக்காவை எடுத்தோம். நால்வரும் முகத்தைத் திறந்துகொண்டு தெருமுனை வரை நடந்து வந்தார்கள். அதுவரை காத்திருந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.