‘கால் ஆஃப்’ என்று ஒரு சொல்

கிளர்ச்சி செய்வது என் தொழில். அதில் தொடங்கும் வேலை எங்களுக்கு, முடிக்கும் உரிமை பட்டணத்துக்கு. சேலத்துப் பக்கம் நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். முதலில் மில் துணி வந்து எங்கள் தறிகளை நிறுத்தியது. பிறகு அதே மில்லில் எங்களைக் கூலிகளாகச் சேர்த்தார்கள். பிறகு கஞ்சி குடிக்கும் நேரத்தைப் பாதியாக்கினார்கள். பிறகு, ஏன் என்று கேட்ட ராசிபுரத்து மாரப்பனை வெளியே தள்ளினார்கள். இவற்றை எதிர்க்க எங்களுக்குத் தெரிந்தது. கடைசியில் வந்த இங்கிலீஷ் சொல்லை எதிர்க்கத்தான் தெரியவில்லை. கொடி பிடித்துக் கை காய்த்த நீங்களும் அதைக் கேட்டிருப்பீர்கள்.

கற்பூரம்

மாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றினோம். மாரப்பன் இல்லாமல் மில்லுக்குள் கால் வைப்பதில்லை என்று ஒவ்வொருவரும் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தோம். மாரப்பன் மட்டும் ஒதுங்கியே நின்றான். அப்புறம் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்: “எனக்கோசரம் நீங்கெல்லாம் பட்டினி கெடக்கோணும்னு நாங் கேக்கலீங்கண்ணா.”

தந்தி

வீடுகளில் பானை காலியான சமயத்தில் பட்டணத்துச் சங்கத் தலைவரிடமிருந்து தந்தி வந்தது. முதலாளியோடு அவர் ராஜியாகிவிட்டாராம். வேலைநிறுத்தம் ‘கால்டு ஆஃப்’. துண்டுப் பிரசுரங்களில் படித்தவன் நான். அந்தச் சொல் எந்தப் பிரசுரத்திலும் இல்லை. போஸ்டு மாஸ்டரைக் கேட்டேன். நடப்பதாக இருந்ததை வேண்டாம் என்று விட்டுவிடுவது என்றார். எதற்கெல்லாம் சொல்வார்கள் என்று கேட்டேன்.

“மழை வந்தா துரைமார் டென்னிஸ் ஆட்டத்துக்கும் இதையேதான் சொல்லுவாங்க.”

கூட்டம்

தடியடிக்கு மண்டையைக் கொடுத்தவன் நான். அதைவிடக் கஷ்டம், அன்று மேடையேறி அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொன்னது. சொல்லி முடித்ததும் நூல் சுற்றும் பழனியம்மாள் எழுந்தாள்.

“ஏனுங்கண்ணா, கற்பூரம் அடிச்சப்ப நம்ம கைதானுங்க சுட்டுது. பட்டணத்துக்காரருக்கு எங்கீங்க சுட்டுது?”

மில் வாசல்

மறுநாள் காலையில் சங்கு ஊதியது. எல்லாரையும் எடுத்துக்கொள்வதாக ராஜியில் இருந்தது, ஒருவனைத் தவிர. என் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பழனியம்மாள் மட்டும் நின்றாள்.

“புள்ளைங்க அழுவுதுங்க. கோவிச்சுக்காதீங்கண்ணா.”

கால் ஆஃப் என்பதற்கு அகராதி என்ன சொன்னாலும் சரி, நான் கண்ட அர்த்தம், கிராம மணியக்காரரையும் கணக்குப்பிள்ளையையும் சாட்சிக்கு நிறுத்தி மில் குமாஸ்தா உரக்கப் படித்த ஒரே பெயர்தான்: “ராசிபுரம் மாரப்பன்.”