லா சப்பல் தொப்பி

புறநகரான கார்ஜிலிருந்து பாரிசுக்கு வரும் காலை ரயிலில் அவரை அடிக்கடி காண்பேன். எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர், அறுபது வயதிருக்கும். கோடு போட்ட சூட்டும் ஒரு பக்கம் சரித்து வைத்த கறுப்புத் தொப்பியுமாக, பழைய அமெரிக்கப் படங்களில் வரும் இத்தாலிக்காரர் போலவே இருப்பார். அந்தக் காலத்து ஆங்கிலப் பாட்டொன்றை வாய்க்குள் முணுமுணுப்பார்.

ஒருநாள் பக்கத்தில் இடம் கிடைத்தது.

“அண்ணை, எந்த ஒஃபிசிலை வேலை?” என்று கேட்டேன்.

“ஒஃபிசோ? ரெஸ்ரோரண்டிலை கோப்பை கழுவுறன்.”

கேட்டிருக்கக் கூடாதோ என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் சிரித்தார்.

“நியூயோர்க்குக்குப் போன இத்தாலிச் சனமும் கோப்பை கழுவினதுதான், தம்பி. ஆனா வெளிக்கிட்டா வடிவா உடுத்துக்கொண்டுதான் வெளிக்கிடுவினம். பிறகு அந்த ஊரே அவையளைப் பாத்து உடுத்தது, பாடினது, படமும் எடுத்தது.”

“எங்களைப் பாத்து இஞ்சை ஆர் அண்ணை உடுக்கப் போகினம்?”

அவர் தொப்பியை இன்னும் கொஞ்சம் சரித்து வைத்துக்கொண்டார். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்க எழுந்தபோது, எதிரே இருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், அந்தத் தொப்பியை எங்கே வாங்கினீர்கள் என்று அவரிடம் ஆவலோடு கேட்டார்.

“லா சப்பல்,” என்றார் அவர், என்னைப் பார்த்துக் கண்ணடித்தபடி.

பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த பகுதியான அந்த லா சப்பலில் நானும் பத்து வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். அங்கே அப்படியொரு தொப்பி விற்கும் கடையை நான் இன்னும் காணவில்லை. அந்தப் பிரெஞ்சுக்காரரும் தேடிக்கொண்டுதான் இருப்பார்.